பல் செட்டைப் பிடித்து வைப்பது எது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு ஆறு வருடம் முன்பு செய்த பல் செட்டில் கீழ்வரிசை இப்போது பேசும்போதே கழன்று வருகிறதாம். மேட்டுப்பாளையம் இறங்கிக் காட்டியதில், ரீலைன் செய்ய, அதாவது செட்டின் அடிப்பக்கத்தை ஈற்றுக்குப் பொருந்தும்படி மறுபடி நிரப்ப, 2,500 ரூபாய் ஆகும் என்றார்களாம். "செட் உடையவில்லையே, எதற்கு இவ்வளவு?" என்று கேட்கிறார்.

மாறியது செட் அல்ல, அம்மாவின் தாடை. பல்வேரைச் சுற்றியுள்ள நார்கள், மெல்லும்போதெல்லாம் தாடை எலும்பை இழுக்கின்றன. அந்த இழுப்பு இருக்கும்வரை எலும்பும் இருக்கும். பல் போனபின் மிஞ்சுவது செட்டின் அழுத்தம் மட்டுமே. எலும்பு முதல் வருடம் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் கரைந்துகொண்டே போகிறது. 25 வருடக் காலத்தை அளந்து டால்கிரென் என்ற பல் ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடையின் தேய்மானம் மேல்தாடையைப்போல் சுமார் நான்கு மடங்கு. நம் தேயிலைத் தோட்டத்து முதியவர்களிடமும் இப்படிக் கால் நூற்றாண்டு பொறுமையோடு அளக்க வேண்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்கத்தான் வேண்டும் என்பேன்.

சரி, பசையே இல்லாமல் செட் எப்படி நிற்கிறது? பெரும்பங்கு எச்சிலின் வேலை. நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் வழுக்கும், நேராக இழுத்தால் வராது. பிரிய வேண்டுமானால், நடுவில் விரியும் இடத்தை நிரப்ப ஓரத்திலிருந்து நீர் உள்ளே ஓடிவர வேண்டும். மயிரிழை இடுக்கில் அதனால் அவ்வளவு வேகமாக ஓட முடியாது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று இரண்டையும் சேர்த்து அமுக்குகிறது. வியன்னாவின் இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான் 1874இல் இதைக் கணக்காக்கினார். ஒரே வேகத்தில் இழுத்தால், இடைவெளி இரண்டு மடங்காகும்போது பிடிப்பு பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிறது! மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அளவு ஈறு இறங்கினாலே செட் ஆடுவது இதனால்தான். கீழ்செட் குதிரை லாட வடிவம், பரப்பு குறைவு, நாக்கு வேறு தள்ளும். முதலில் ஆடுவது அதுதான்.

ஆக, அந்தக் காசு அந்த இடுக்கை மறுபடி மயிரிழையாக்குவதற்கு. பழைய செட்டிலேயே மாவு வைத்து ஈற்றின் அளவெடுத்து, மாவு இருந்த இடத்தில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கை நிரப்புகிறார்கள். பல் புதிதாக வேண்டாம் என்பதால் புது செட்டைவிடச் செலவு குறைவு. வாயிலேயே இறுகவைக்கும் முறை ஒரே அமர்வில் முடியும். ஆனால் அக்ரிலிக்கின் இறுகாத திரவம் அதில் கூடுதலாகத் தங்கும். லேபில் சுமார் 74 டிகிரி வெந்நீரில் பல மணி நேரம் வேகவைத்தால் அது மிகவும் குறையும், உழைக்கவும் செய்யும். துணியோ பஞ்சோ அடியில் வைத்துச் சமாளிக்காதீர்கள். அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து எலும்பு இன்னும் சீக்கிரம் கரையும்.

லேப் முறை என்றால் செட்டை அங்கேயே விட்டுவர வேண்டும். காலையில் கொடுத்தால் மாலையே கிடைக்குமா என்று போனில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் முறை மலை இறங்கும் செலவும், அதுவரை அம்மாவுக்குக் குழைந்த சோறும்தான்.