வெளிநாட்டுப் பள்ளிக்கு ஆசிரியர் தேர்வு: விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

மத்திய அரசுப் பள்ளிகளான கேந்திரிய வித்யாலயாக்களை நடத்தும் கேந்திரிய வித்யாலயா சங்கதனுக்கு வெளிநாட்டில் இருப்பவை 3 பள்ளிகள்தான்: காத்மாண்டு, மாஸ்கோ, டெஹ்ரான். சங்கதன் இங்கிருந்து அனுப்புவது தன்னிடம் நிரந்தரப் பணியில் இருப்பவர்களை மட்டுமே. ஒப்பந்த ஆசிரியர், மாநில அரசுப் பள்ளி ஆசிரியர், தனியார் பள்ளி ஆசிரியர் யாருக்கும் அதில் இடமில்லை. வளைகுடாவிலுள்ள சிபிஎஸ்இ பள்ளிகள் பெரும்பாலும் தனியாரோ அங்குள்ள இந்தியர் அமைப்புகளோ நடத்துபவை; ஆளெடுப்பதும் அவர்களே. ‘மத்திய அரசு ஒதுக்கீடு’ என்று சொல்லிப் பணம் கேட்டால் அது மோசடி.

சங்கதன் ஆசிரியர்களுக்குத் தேர்வைவிடப் பெரிய தடை, விண்ணப்பம் மேலே போய்ச் சேர்வதுதான். முதல்வர், மண்டல அலுவலகம் என்று படியேற வேண்டும். தகுதியான எத்தனையோ பேர், யாரோ ஒருவர் மேஜையில் காகிதம் கிடந்ததாலேயே வாய்ப்பை இழந்திருக்கிறார்கள். கொடுத்த அன்றே தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை, விஜிலென்ஸ் சான்று (உங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்பதற்கான சான்று) இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று அறிவிப்பு வருவதற்கு முன்பே பாருங்கள். உங்கள் மதிப்பீட்டை உங்களுக்குக் காட்ட வேண்டியது சங்கதனின் கடமை.

பாஸ்போர்ட்டுக்குத் தடையின்மைச் சான்று கேட்டு மாதக்கணக்கில் அலைய வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன் என்று அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, அதன் நகலை இணைத்தாலே போதும். இந்த விதி பல அலுவலகங்களுக்கே தெரிவதில்லை, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை.

அப்புறம், ஏஜென்ட் வழியாகத் தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்ட் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சம். லட்சக்கணக்கில் கொடுத்தவர்களிடம் ரசீதுகூட இருப்பதில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லாததால், கிளம்பும் முன் உங்கள் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. சம்பளம், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். விசிட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள்.

பட்டச் சான்றில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் முழுப்பெயரும் இருந்தால், வெளிநாட்டு வேலைக்காகச் சான்றிதழுக்குச் சான்றொப்பம் (அட்டஸ்டேஷன்) வாங்கும்போதே சிக்கிக்கொள்வீர்கள். வேலை கிடைக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே சரிசெய்யுங்கள்.