நஞ்சுக்கொடி யாருடைய உறுப்பு?

குழந்தை பிறந்து அழத் தொடங்கிய சிறிது நேரத்தில், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள், கருப்பையிலிருந்து இன்னொன்றும் வெளியே வருகிறது. ஏறத்தாழ அரைக் கிலோ எடையும் 20 முதல் 22 சென்டிமீட்டர் வரை விட்டமும் கொண்ட வட்டமான சதைத்தட்டு அது. குழந்தையைப் பார்த்திருந்த பக்கம் வழுவழுப்பாக மின்னும். தொப்புள்கொடி சேரும் இடத்திலிருந்து கிளம்பும் இரத்தக்குழாய்கள் மரத்தின் வேர்களைப்போல விளிம்பு வரை பரவியிருக்கும். திருப்பிப் போட்டால், தாயைப் பார்த்திருந்த பக்கம் ஈரல்போன்ற கருஞ்சிவப்பில், பதினைந்து இருபது மேடுகளாகப் பிரிந்திருக்கும். இதை நஞ்சு என்றும் நஞ்சுக்கொடி என்றும் சொல்கிறோம். ஓர் உயிரை மாதக்கணக்கில் ஊட்டி வளர்த்த உறுப்புக்கு இந்தப் பெயர் சற்றும் பொருந்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இது தாயின் உறுப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் பெரும்பகுதி குழந்தைக்கு உரியது. கருக்குழாயில் விந்தணுவும் கருமுட்டையும் இணைந்து உண்டாகும் ஒற்றைச் செல், பிரிந்து பெருகியபடியே கருப்பையை நோக்கி நகர்ந்து, ஐந்தாம் நாள் வாக்கில் நீர் நிறைந்த நுண்ணிய பந்தாகிவிடுகிறது. பந்தின் உட்புறத்தில் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு செல்கூட்டத்திலிருந்து குழந்தை உருவாகிறது. வெளிச்சுவராக நிற்கும் செல்களிலிருந்து நஞ்சுக்கொடி உருவாகிறது. அதாவது, இதயம்கூடத் தோன்றுவதற்கு முன்பே, குழந்தையை வளர்க்கப்போகும் உறுப்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது.

கருப்பைச் சுவரில் பதியத் தொடங்கியதும் அந்த வெளிச்செல்கள் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. கருமுட்டை வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் வாடிவிடாமல் காத்து, கருப்பையின் உட்சுவர் உதிராதபடி புரோஜெஸ்டிரோனைத் தொடர்ந்து சுரக்கச் செய்வது இந்த ஹார்மோன்தான். கர்ப்பச் சோதனைப் பட்டையில் தெரியும் இரண்டாவது கோடும் இதைத்தான் காட்டுகிறது.

அடுத்து நடப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் தமனிகளின் தசைப்படலத்தை நீக்கி, குறுகிய குழாய்களை அகன்ற வாய்க்கால்களாக்குகின்றன. தசை போய்விட்டதால் அவை முன்போலச் சுருங்கி இரத்தத்தைத் தடுக்க முடியாது. இந்த மாற்றம் அரைகுறையாக நின்றுபோவதற்கும், கர்ப்பத்தின் பிற்பாதியில் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும் பிரீ எக்ளாம்சியாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலான தாயின் இரத்தம் இந்த வழியாகப் பாய்கிறது. அது நிறைந்திருக்கும் இடைவெளியில், குழந்தையின் இரத்தக்குழாய்களைத் தாங்கிய நுண்விரல்கள் நீருக்குள் அலையும் வேர்களைப்போல மூழ்கியிருக்கின்றன. இரு இரத்தங்களும் கலந்து ஓடுவதில்லை. நடுவே மெல்லிய படலம் ஒன்று நிற்கிறது. அந்தப் படலத்தின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே எல்லைச்சுவர்களே இல்லை. அவை ஒன்றோடொன்று இணைந்து ஒரே பரப்பாகியிருக்கின்றன. அவற்றை இணைக்கும் சின்சிட்டின் என்ற புரதத்துக்கான மரபணு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை உயிரினங்களைத் தொற்றிய ஒரு வைரஸிடமிருந்து வந்தது.

படலத்தைக் கடந்து ஆக்சிஜன் வருகிறது. குழந்தையின் ஹீமோகுளோபின் பெரியவர்களுடையதைவிட அதை இறுகப் பற்றுவதால், தாயின் இரத்தத்திலிருந்து எளிதாக இழுத்துக்கொள்கிறது. குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் வருகின்றன. கழிவுகள் திரும்பிச் செல்கின்றன. தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் வந்து சேர்கின்றன. குறைமாதக் குழந்தைகள் எளிதில் தொற்றுக்கு ஆளாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மதுவும் நிகோட்டினும்கூட இதே வழியில் கடந்துவிடும். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் தூக்க மாத்திரை 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள், கர்ப்பகாலத்தில் அதை உட்கொண்ட தாய்மார்களின் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாடுகளுடன் பிறந்துவிட்டார்கள்.

இந்த உறுப்புக்கு ஈடுகொடுக்கவே தாயின் உடலும் மாறுகிறது. இரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பணுக்களைவிடப் பிளாஸ்மா அதிகம் கூடுவதால் ஹீமோகுளோபின் அளவு சற்று இறங்குவது இயல்பே. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தைக் குறைத்து, குழந்தைக்காகச் சர்க்கரையை இரத்தத்திலேயே நிறுத்திவைக்கின்றன. அதற்கேற்பக் கணையம் கூடுதலாகச் சுரக்க முடியாதபோது கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வருகிறது. அது அந்தப் பெண்ணின் அலட்சியத்தால் வந்தது என்று பழி சொல்வது எவ்வளவு தவறு!

பிரசவத்துக்குப் பின் நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் அகன்ற தமனிகள் வாய்திறந்து நிற்கின்றன. தசையை இழந்துவிட்ட அவற்றால் தாமாக மூடிக்கொள்ள முடியாது. கருப்பையின் தசைநார்கள் இறுகி நெரித்துத்தான் இரத்தம் நிற்க வேண்டும். உள்ளே ஒரு சிறு துண்டு தங்கினாலும் கருப்பை சரியாக இறுகாது. அதனால்தான் பிரசவம் பார்ப்பவர் நஞ்சுக்கொடியைத் தட்டில் விரித்து, அந்த மேடுகளை ஒன்றோடொன்று பொருத்தி, எங்கேனும் ஒன்று குறைகிறதா என்று கவனமாகப் பார்க்கிறார்.