சிக்னல் முழுசா இருக்கு, நெட் மட்டும் வரலை: பொது வைஃபை எங்கே மாட்டிக்கொள்கிறது?

விமான நிலையம், ரயில் நிலையம், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம் என்று எங்கு போனாலும் ஒரே காட்சிதான். போனின் மேல்முனையில் வைஃபை குறி முழுதாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒற்றை டிக்கூட விழாது, சின்னக் கடிகாரம் அப்படியே நிற்கும். வைஃபையை அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள், ஏரோப்ளேன் மோடு போட்டு எடுப்பார்கள், கடைசியில் சலித்துப்போய் மொபைல் டேட்டாவுக்கே திரும்பிவிடுவார்கள்.

அந்தக் குறி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் போனுக்கும், வைஃபை சிக்னலை அனுப்பக் கூரையில் மாட்டியிருக்கும் கருவியான ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் இடையே ரேடியோ தொடர்பு இருக்கிறது. அதற்குப் பிறகு போனுக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கிடைக்க வேண்டும். தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பதில் சொல்ல வேண்டும். லாகின் பக்கம் திறக்க வேண்டும். அதில் நீங்கள் ஒப்புதல் கொடுத்தபின், இணையத்துக்குப் போகும் வாசலில் நிற்கும் கருவியான கேட்வே உங்கள் போனுக்கு வழிவிட வேண்டும். இதில் எந்தப் படியில் நின்றது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் வைஃபையைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவதால் பெரும்பாலும் எதுவும் மாறாது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது லாகின் பக்கத்தில்தான். அது எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

வைஃபையில் சேர்ந்ததுமே போன் தானாக ஒரு சோதனை செய்கிறது. ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரியைக் கேட்கும்; 204 என்ற வெற்றுப் பதில் வந்தால் நெட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். ஐபோன் ஆப்பிளின் ஒரு சின்னப் பக்கத்தைக் கேட்கும். அதில் ‘சக்சஸ்’ என்ற சொல் இருக்க வேண்டும். இவற்றுக்குப் பதிலாக வேறு ஏதாவது வந்தால், நடுவில் ஒரு கேட்வே மறிக்கிறது என்று போன் புரிந்துகொண்டு லாகின் பக்கத்தைத் திறக்கும், அல்லது ‘சைன் இன் செய்யுங்கள்’ என்று நோட்டிபிகேஷன் காட்டும். அந்த நோட்டிபிகேஷனை அவசரத்தில் தள்ளிவிட்டுவிட்டு, பக்கமே வரவில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வைஃபை பட்டியலில் அந்த நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டால் மறுபடி வரும்.

அப்படியும் வராவிட்டால் பிரவுசரைத் திறந்து முயல்வோம். அங்கே இரண்டு தடை இருக்கிறது. முதலாவது மொபைல் டேட்டா. வைஃபையில் நெட் இல்லை என்று ஆண்ட்ராய்டு முடிவு செய்தால், பிரவுசர் கேட்கும் பக்கத்தை மொபைல் டேட்டா வழியாகவே அனுப்பிவிடும். கோரிக்கை கேட்வேயைத் தொடுவதே இல்லை, பிறகு லாகின் பக்கம் எப்படி வரும்? ஆகவே லாகின் முடியும்வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். லாகின் பக்கம் கேட்கும் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருவதற்கு டேட்டா தேவையில்லை.

இரண்டாவது தடை எச்டிடிபிஎஸ், அதாவது பிரவுசருக்கும் தளத்துக்கும் இடையே போவதை மறையாக்கிப் பூட்டும் முறை. இன்று கிட்டத்தட்ட எல்லாத் தளங்களும் பூட்டுப் போட்டவை. அந்தப் பூட்டுக்குள் கேட்வே தன் பக்கத்தை நுழைக்க முடியாது. நுழைக்கப் பார்த்தால் பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையை மீறிப் போகவே போகாதீர்கள். பூட்டில்லாத ஒரு தளத்தைக் கேட்டால் போதும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளம் இதற்காகவே இருக்கிறது. முகவரியை எஸ் இல்லாத எச்டிடிபியோடு முழுதாகத் தட்டச்சு செய்யுங்கள், லாகின் பக்கம் வந்துவிடும். போனின் தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் சான்றிதழ் எச்சரிக்கை வரும், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

போனின் இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன்னை எப்போதும் ஓடும்படி வைத்திருப்பவர்களுக்கு லாகின் முடியும்வரை வழி திறக்காது. அதை நிறுத்தி, உள்ளே போனபின் போடுங்கள். யாரும் சந்தேகப்படாத இன்னொன்று பிரைவேட் டிஎன்எஸ். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இது இருக்கிறது. விளம்பரங்களைத் தடுப்பதற்காக அதில் ஒரு சர்வரின் பெயரைக் கொடுத்துவிட்டு மறந்துபோயிருப்போம். லாகினுக்கு முன் கேட்வே அந்த சர்வரை எட்ட விடாது. போனும் வேறு டிஎன்எஸ்ஸை நம்பாது. வீட்டில் எல்லாம் சரியாக ஓடும், வெளியே எந்தப் பொது வைஃபையும் ஓடாது என்பவர்கள் முதலில் இங்கே பாருங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றினால் போதும்.

லாகின் பக்கம் வந்தபின் இருக்கும் பொறி ஓடிபி. ஐபோனில் அந்தப் பக்கம் திறப்பது ஒரு சிறு ஜன்னலில். மொபைல் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓடிபியைப் படிக்க மெசேஜ் ஆப்புக்குத் தாவினால் ஜன்னல் மூடிக்கொள்ளும், வைஃபை இணைப்பும் அறுந்துவிடலாம். திரும்பி வந்தால் எல்லாம் முதலிலிருந்து. சில இடங்களில் மூன்று ஓடிபிக்கு மேல் கேட்டால் அந்த எண்ணையே சிறிது நேரம் முடக்கிவிடுவார்கள். எனவே திரையின் மேலே எஸ்எம்எஸ் எட்டிப்பார்க்கும் அந்த நொடியிலேயே எண்ணைப் படித்துவிடுங்கள், ஜன்னலை விட்டு நகராதீர்கள். அது கைகூடாவிட்டால், ஜன்னலில் ‘கேன்சல்’ தொட்டதும் வரும் தேர்வுகளில் ‘இணையம் இல்லாமலே பயன்படுத்து’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பு அறாது. பிறகு சஃபாரியில் மேலே சொன்ன பூட்டில்லாத தளத்தைத் திறந்து அங்கே லாகின் செய்யலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மெசேஜுக்குப் போய் வரலாம். கூகுள் கணக்கு மூலம் லாகின் என்ற பொத்தான் அந்தச் சிறு ஜன்னலில் வேலை செய்யாமல் போவதற்கும் இதுவே மருந்து. ஆப்புகளுக்குள் பதிந்த பிரவுசர்களில் லாகின் செய்வதை கூகுள் அனுமதிப்பதில்லை.

‘நேற்றுதானே லாகின் செய்தேன், இன்றைக்கும் கேட்கிறதே’ என்ற எரிச்சலுக்குக் காரணம் மேக் முகவரி, அதாவது வைஃபையில் சேரும்போது போன் காட்டும் அடையாள எண். கேட்வே உங்களை அந்த முகவரியை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தாங்களே உருவாக்கிய முகவரியைக் காட்டுகின்றன. உங்கள் நடமாட்டத்தை யாரும் பின்தொடராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. முகவரி மாறினால் கேட்வேக்கு நீங்கள் புது ஆள், அவ்வளவுதான். நெட்வொர்க்கை ‘மறந்துவிடு’ என்று கொடுத்துக் கொடுத்துச் சேர்வது சில போன்களில் புது முகவரியை உண்டாக்கும். ஒருவருக்கு இரண்டு கருவிதான் என்று வரம்பு வைத்த இடத்தில், ஒரே போனை வைத்துக்கொண்டே நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

லாகின் பக்கம்வரைகூடப் போகாமல், ‘ஐபி முகவரி பெறுகிறது’ என்ற இடத்திலேயே நின்றால் கோளாறு உங்கள் போனில் இருக்க வாய்ப்பு குறைவு. ஐபோனில் நெட்வொர்க் விவரத்தைத் திறந்து ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், யாரும் முகவரி தராததால் போன் தனக்குத்தானே வைத்துக்கொண்ட எண் அது. பெரும்பாலும் அந்த இடத்தில் முகவரிகள் தீர்ந்துபோயிருக்கும். கணக்கு எளிது: சாதாரண ரவுட்டர் அமைப்பில் கொடுக்கக் கூடியவை 254க்குள். ஒருமுறை கொடுத்ததை 24 மணி நேரம் ஒதுக்கி வைக்கும்படி விட்டிருந்தால், காலையில் வந்துபோன 250 பேரின் போன்கள் மாலைவரை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். லாகினே செய்யாமல் பைக்குள் கிடந்தபடி தானாகச் சேர்ந்த போனும் அதில் சேர்த்திதான். பயனர் செய்யக் கூடியது எதுவும் இல்லை, நிர்வாகத்திடம் சொல்வதைத் தவிர.

ரேடியோ பக்கம் வந்தால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. போனில் தெரியும் சிக்னல், ஆக்சஸ் பாயின்ட் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் காட்டும். போன் பேசுவது அங்கே கேட்கிறதா என்பதைக் காட்டாது. ஆக்சஸ் பாயின்ட் 100 மில்லிவாட்டில் பேசும்போது போன் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த சக்தியில்தான் பதில் சொல்லும். தூரத்தில் நின்றால் பெயர் பட்டியலில் தெரியும், சேரப் போனால் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னலை எண்ணாகக் காட்டும் ஆப் இருந்தால், சிக்னல் வலிமையின் அளவான டிபிஎம்மில் மைனஸ் 67 நல்லது, மைனஸ் 80 என்றால் இடம் மாறுங்கள். ஆக்சஸ் பாயின்ட் கண்ணில் படும்படி நில்லுங்கள். மனித உடலில் இருக்கும் நீரே சிக்னலை உறிஞ்சும் என்பதால் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பது நல்லதல்ல. அதே வைஃபை 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தனியாகத் தெரிந்தால் அதில் சேருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான், நெரிசலான இடத்தில் அவை தாங்காது.

உள்ளே போய்விட்டாலும் ஒரு அமைதியான தொல்லை உண்டு. போன் திரை அணைந்து சிறிது நேரம் டேட்டா ஓடாவிட்டால் கேட்வே உங்களை வெளியேற்றிவிடும். வைஃபை குறி மட்டும் நிற்கும். செய்திகள் வராமல் போவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவசர அழைப்பை எதிர்பார்த்து மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பொது வைஃபைகளுக்குத் ‘தானாகச் சேர்’ என்பதை அணைத்து வையுங்கள், தேவைப்படும்போது மட்டும் சேருங்கள். பாதுகாப்புக்கும் இதுவே நல்லது. பாஸ்வேர்டு இல்லாத நெட்வொர்க்கில் போன் பெயரைத்தான் பார்க்கிறது, அதே பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். ஆப்போ சான்றிதழோ நிறுவச் சொல்லும், வங்கி விவரம் கேட்கும் ‘இலவச’ வைஃபையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வைஃபை வைத்திருக்கும் நிர்வாகங்களிடம் சொல்ல வேண்டியவை சில. போன்கள் சோதனைக்காகக் கேட்கும் கூகுள், ஆப்பிள் முகவரிகளை லாகினுக்கு முன்பே திறந்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்யும் இந்தத் தவறால் போன், நெட் இருப்பதாக நம்பிவிடும். லாகின் பக்கம் தானாக எழவே எழாது. விருந்தினர் நெட்வொர்க்கை 1022 முகவரி அளவுக்கு விரித்து, ஒதுக்கும் நேரத்தை 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் வையுங்கள். போன்களுக்கு ஐபி முகவரி வழங்கும் முறையான டிஎச்சிபியில், லாகின் பக்கம் எங்கே என்று போனுக்கு நேரடியாகச் சொல்லும் 114ஆம் தேர்வு 2020இல் தரமாக வந்துவிட்டது, உங்கள் கருவி அறிந்திருந்தால் அதைப் போடுங்கள். வெளிநாட்டு எண்ணுக்கும் சிக்னல் எட்டாத தரைக்கீழ்த் தளத்துக்கும் ஓடிபி வராமல் போகலாம். அங்கே ஒரு கூப்பனோ வெறும் ஒப்புதல் பொத்தானோ இருக்கட்டும்.

புகார் சொல்லும்போது ‘வைஃபை வேலை செய்யலை’ என்று மட்டும் சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்த இடத்தில் நின்றீர்கள், மணி என்ன, எந்த போன், ஐபி முகவரி என்ன காட்டியது, லாகின் பக்கம் வந்ததா என்ற ஐந்தையும் சொல்லுங்கள். திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது, நேரமும் அதிலேயே பதிந்துவிடும்.