சிவப்பு வரைபடத்தைப் பார்த்து வீட்டை விற்காதீர்கள்

போன வாரம் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டு வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் சென்னைக் கடற்கரையோரப் பாலவாக்கத்தில் வீடு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். "தம்பி, 2050-ல கடல் உள்ள வந்துடுமாமே. புரோக்கர் வரைபடமே காட்டினார். பாதி விலைக்குக் கேக்குறார், குடுத்துடட்டுமா?" என்றார். அதோடு தன் போனையும் நீட்டினார். வீட்டு வாசலில் நின்று எடுத்த ஸ்கிரீன்ஷாட், உயரம் மைனஸ் 82 மீட்டர். "ஏற்கனவே கடலுக்குக் கீழதான் இருக்கோமா?"

சிரிக்கவில்லை. கடலோரம் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணக்கிடும் கணினி மாதிரிகளோடு இத்தனை வருடம் குப்பை கொட்டுகிறேன், இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை.

போனில் இருக்கும் ஜிபிஎஸ், பூமியை வழுவழுப்பான ஒரு முட்டை வடிவமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து உயரத்தை அளக்கிறது. ஆனால் நம் பக்கம் புவியீர்ப்பு கொஞ்சம் குறைவு. அதனால் இங்கே கடல் மட்டமே அந்த முட்டைக்கு எண்பது மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தப் பள்ளம் 106 மீட்டர் வரை போகிறது. உலகத்திலேயே கடல் மட்டம் இவ்வளவு தாழ்ந்து கிடக்கும் இடம் அதுதான். இந்தக் கணக்கைத் திருத்தாத செயலியை மெரினாவில் வைத்துப் பார்த்தாலும் மைனஸ்தான் காட்டும்.

சரி, அந்த வரைபடத்துக்கு வருவோம். பலர் பகிரும் சிவப்பு வரைபடம் கிளைமேட் சென்ட்ரல் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2019-ல் வெளியிட்டது. அதற்கு முன்பு எல்லோரும் நம்பியிருந்த தரை உயரம், 2000 பிப்ரவரியில் எண்டேவர் விண்கலம் ரேடாரில் எடுத்தது. ரேடாருக்கு மொட்டைமாடியும் தெரியாது, தென்னந்தோப்பும் தெரியாது, எல்லாம் தரைதான். அதனால் கடலோர ஊர்கள் உண்மையைவிட உயரமாகத் தெரிந்தன. அந்தப் பிழையைத் திருத்தியதும் 2050-ல் ஆபத்தில் இருப்போர் உலக எண்ணிக்கை சுமார் 8 கோடியிலிருந்து 30 கோடியாகத் தாவியது. கடல் அன்றைக்கு ஓர் அங்குலம்கூட ஏறவில்லை, மாறியது தரையின் கணக்கு. இன்னொன்று, சிவப்பு என்றால் நிரந்தரமாக மூழ்கிய இடம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. சராசரியாக ஆண்டுக்கு ஒருமுறை கடல் வெள்ளம் எட்டக்கூடிய மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலம், அவ்வளவுதான். தடுப்புச் சுவர் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது வேறொன்றில். காலநிலை மாதிரியைச் சோதிடம் போலப் படிக்கிறார்கள். பலிக்கும், பலிக்காது என்று பந்தயம். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையைப் பாருங்கள்: கரியமில வாயு உமிழ்வை வேகமாகக் குறைத்தால் 2100-ல் உலகச் சராசரிக் கடல் மட்டம் 28 முதல் 55 செ.மீ. ஏறும், கண்டபடி எரித்துக்கொண்டே போனால் 63 முதல் 101 செ.மீ. இது 1995–2014 சராசரியிலிருந்து எண்ணிய அளவு. இரண்டில் எது நடக்கும் என்று கணினி சொல்லவில்லை. நாம் எவ்வளவு எரிக்கப் போகிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? "இப்படிச் செய்தால் இப்படி ஆகும்" என்பதைத்தான் அது சொல்கிறது. பத்திரிகைத் தலைப்பில் அந்த "செய்தால்" காணாமல் போய்விடுகிறது.

அடுத்து இப்படியும் கேட்கிறார்கள்: "நாளைக்கு மழை வருமான்னே ஒழுங்கா சொல்லத் தெரியல, 2100-ஐச் சொல்ல வந்துட்டீங்க." ஐயா, இந்த வருடம் ஐப்பசி பத்தாம் தேதி மழை பெய்யுமா என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. சென்னையில் சித்திரையைவிட ஐப்பசியில் மழை அதிகம் என்று உங்கள் பாட்டியே சொல்வார். 2100 பற்றி நாங்கள் சொல்வதும் அதுபோன்ற சராசரிதான்.

மாதிரியை எப்படி நம்புவது என்றால், கடந்த காலத்தை வைத்துச் சோதிக்கிறோம். 2011 டிசம்பரில் கடலூரைத் தாக்கிய தானே புயலின் காற்றை மாதிரிக்குக் கொடுத்து, அது சொல்லும் நீர்மட்டத்தைத் துறைமுக அளவுமானியோடு ஒப்பிடலாம். 1964-ல் தனுஷ்கோடியை அழித்த புயல் இன்னும் கடினம், காற்றையே காற்றழுத்தக் குறிப்புகளிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். அதற்கும் பின்னால் போய், 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்தையும் ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்போது கடல் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது, பாக் நீரிணை வெறும் தரை. குளிர் ஓரளவு சரியாக வருகிறது. ஆனால் 6,000 ஆண்டுகளுக்கு முன் ஏரிகளோடு பசுமையாக இருந்த சகாராவுக்குப் போதுமான மழையை மாதிரிகள் இன்னும் தருவதில்லை. இதை நாங்கள் ஒளிக்கவில்லை, ஆய்வுக் கட்டுரைகளில் வெளிப்படையாகவே இருக்கிறது.

உலகத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரியில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதற்குள் சென்னையும் காஞ்சிபுரமும் ஒன்றுதான், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதை உங்கள் தெருவரை கொண்டுவர அடுக்கடுக்காக வேறு மாதிரிகள் வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் தவறலாம். நானே தவறியிருக்கிறேன். சேர்ந்த புதிதில், கடல் ஆழத்தை மாலுமிகளின் வரைபடத்திலிருந்தும் தரை உயரத்தைச் சர்வே வரைபடத்திலிருந்தும் எடுத்து அப்படியே ஒட்டிவிட்டேன். முதலாவது, கடல் வற்றும்போது இருக்கும் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்து அளப்பது, இரண்டாவது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து. அரை மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஒரு முழு குப்பத்தையே மூழ்கடித்துவிட்டு, பெருமையாகப் படம் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதனால் கேள்வி கேளுங்கள். தரை உயரம் எதிலிருந்து எடுத்தது, எந்த உமிழ்வுக் கணக்கு, பழைய புயலில் சோதித்தார்களா? பதில் சொல்லத் தெரியாதவர் காட்டும் படத்துக்காகப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கடல் அரித்தாலே புவி வெப்பம் என்றும் சொல்லாதீர்கள்: புதுச்சேரியில் 1989-ல் கட்டிய துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலைத் தடுத்ததால்தான் நகரக் கடற்கரை கரைந்தது. சுனாமியையும் இதில் இழுக்காதீர்கள், அது நிலநடுக்கத்தின் வேலை. கட்டுநர்களே, "வெள்ளம் வராது" என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லி இனி வராதீர்கள்.

பாலவாக்கத்துக்காரரிடம், 2015 டிசம்பரில் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேட்டேன். வாசலுக்கே வரவில்லையாம். வேளச்சேரியில் இருக்கும் மகள் வீட்டில்தான் தரைத்தளம் முழுகியதாம். ஐப்பசி, கார்த்திகையில் நீரோட்டம் நம் கரையோரம் கடலை இயல்பாகவே உயர்த்தி வைக்கிறது. அந்த நேரம் பெருமழை பெய்தால் ஆறும் கால்வாயும் வடிவது தாமதமாகும். கடல் மட்டம் ஏற ஏற இது மோசமாகும். புரோக்கரின் படத்தில் மழையே கிடையாது.

"அப்போ வீட்டை விக்க வேணாம்?" என்றார். சர்வேயரை வைத்து, கடல் மட்டத்திலிருந்து உயரம் குறித்து வைத்திருக்கும் அளவுக்கல்லிலிருந்து வாசல் உயரத்தை எடுக்கச் சொன்னேன். மகள் வீட்டுக்கும் சேர்த்து. போன் காட்டும் உயரத்தை மட்டும் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.