கோகிள்ஸ் மாட்டுவதற்கு முன்னால் இருக்கும் வேலை

கொழும்பில் கூரை பார்ப்பது, கட்டுமான வேலைகளைப் படமெடுப்பது, காணி அளப்பது, இவற்றுக்கெல்லாம் ட்ரோன் ஓட்டுவது என் தொழில். சனி ஞாயிறுகளில் இளைஞர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். இப்போது வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேர் கைபேசியை நீட்டி ஒரே மாதிரி வீடியோவைத்தான் காட்டுகிறார்கள். வெளிநாட்டு இராணுவங்கள் நடத்தும் ட்ரோன் போட்டி. ட்ரோனின் கமரா பார்ப்பதைக் கண்முன் காட்டும் கோகிள்ஸ் மாட்டிய சிப்பாய் ஒருவர், வளையங்களுக்குள்ளால் பாய்ந்து போகும் சின்ன ட்ரோன், கடைசியில் கைதட்டல். “சேர், இப்படி ஓட்ட எத்தனை மாசம் எடுக்கும்?”

அந்தப் போட்டிகளை நானும் கவனித்துப் பார்க்கிறேன். அமெரிக்க மரைன் படை 2025 ஜனவரியில் வர்ஜீனியாவின் குவாண்டிகோவில் தாக்குதல் ட்ரோன் அணி ஒன்றை அமைத்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே அந்த அணி புளோரிடாவில் போட்டிக்கு இறங்கியது. அமெரிக்க இராணுவம் 2026 பெப்ரவரிக்கு அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் தனியாக ஒரு போட்டியை ஏற்பாடு செய்தது. அதில் தனி ஆளின் ஓட்டும் திறமைக்கு ஒரு பிரிவு, குழுவாகச் சேர்ந்து இலக்கைத் தேடிப் பிடிப்பதற்கு ஒரு பிரிவு, சிப்பாய்கள் தாங்களே உருவாக்கிய கருவிகளுக்கு ஒரு பிரிவு. நம் பிள்ளைகள் பார்க்கும் வீடியோவில் வருவது முதல் பிரிவு மட்டும்தான். மற்ற இரண்டிலும்தான் எனக்கு அக்கறை.

உக்ரைன் போருக்குப் பிறகு சின்ன ட்ரோன் என்பது முதுகுப் பையில் போகும் சாமானாகிவிட்டது. விமானப்படைக்குப் பொறியியலாளர்களும் பட்டறையும் ஓடுபாதையும் உண்டு. நாலைந்து பேர் கொண்ட ஒரு சிறு அணிக்கு அப்படி எதுவும் கிடையாது. அவர்களே சுமக்க வேண்டும், அவர்களே பற்றரியைப் பார்க்க வேண்டும், உடைந்தால் அவர்களே மோட்டரை மாற்ற வேண்டும். சமிக்ஞையை எதிரி குழப்பினால் அப்புறம் என்ன செய்வது என்பதும் அவர்கள் தலையில்தான். உக்ரைனில் இரு தரப்பும் மெல்லிய கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துக்கொண்டு பறக்கும் ட்ரோன்களுக்கு மாறியது இந்தக் குழப்பலைத் தாண்டத்தான். ஒரு கருவி உண்மையில் உதவுமா என்பது, களைத்துப்போன சிப்பாயின் கையில், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தெரியவரும். போட்டி வைப்பதன் பயன் அதுதான்.

இதையே நான் வகுப்பில் சிறிய அளவில் செய்து பார்க்கிறேன். அனுமதி எடுத்த மைதானத்தில் இருவர் இருவராகப் பிரித்துவிடுவேன். கோகிள்ஸ் மாட்டியவருக்குத் தன் காலடியில் நாய் வந்து நின்றாலும் தெரியாது. அதனால் பக்கத்தில் நிற்பவர்தான் அவருடைய கண். ஆட்கள் வருகிறார்களா, காகம் துரத்துகிறதா, மழை இருட்டுகிறதா, எல்லாவற்றையும் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் ட்ரோனின் சுழலும் இறக்கைகளில் இரண்டை இடம் மாற்றி மாட்டி வைப்பேன். இடஞ்சுழியும் வலஞ்சுழியும் மாறிய ட்ரோன் எழும்பியதுமே குப்புற விழும். நன்றாக ஓட்டக்கூடிய பையன்தான் அநேகமாகச் சோதிக்காமல் கிளப்புவான். கை பழகியவனுக்கு அவசரம் கூட.

நானும் அப்படி அவசரப்பட்டவன்தான். ஒருமுறை வெள்ளவத்தையில் மாடி வீடொன்றின் கூரையைப் படமெடுத்தேன். கையிலிருக்கும் இயக்கியோடு தொடர்பு அறுந்தால் ட்ரோன் எந்த உயரத்தில் திரும்பி வர வேண்டும் என்பதை நாம்தான் முதலே குறிக்க வேண்டும். முந்தைய வேலைக்குக் குறித்த 30 மீற்றரை மாற்றாமல் விட்டுவிட்டேன். இடையில் நின்ற தொடர்மாடி அதைவிட உயரம். தொடர்பு போனதும் ட்ரோன் சொன்னபடியே திரும்பி, நேராகப் போய்ச் சுவரில் மோதி, வாகனத் தரிப்பிடத்தில் விழுந்தது. அந்த நேரம் கீழே யாரும் இல்லை. இருந்திருந்தால் என்று நினைக்க இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கொழும்புக்கென்று சில தொல்லைகள் இருக்கின்றன. கொங்கிறீட் சிலாப் மேல் வைத்து ட்ரோனின் திசைகாட்டியைச் சரிசெய்யாதீர்கள், உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி அதைக் குழப்பும். வீட்டுக்கு வீடு வைஃபை இருக்கும் இடத்தில், அதே அலைவரிசையில் ஓடும் ட்ரோனின் 2.4 கிகாஹேர்ட்ஸ் தொடர்பு எதிர்பார்த்த தூரம் போகாது. மே முதல் செப்டெம்பர் வரை கடற்கரைப் பக்கம் தென்மேல் காற்று. தரையில் சட்டை அசையாவிட்டாலும் பத்தாம் மாடி உயரத்தில் ட்ரோன் தள்ளாடும். பற்றரியை முழுதாக, அதனுள் இருக்கும் செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட் வரை ஏற்றிவிட்டு வாரக்கணக்கில் அலுமாரியில் வைக்காதீர்கள். பறக்காத நாட்களில் 3.8 அளவில் இருக்கட்டும். வீங்கிய பற்றரியை ‘இன்னும் ஒரு தடவை’ என்று பாவிக்கவே வேண்டாம்.

சட்ட விஷயமும் உண்டு. மிகச் சிறியவற்றைத் தவிர மற்ற ட்ரோன்களைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிய வேண்டும். இரத்மலானை விமான நிலையம் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதை மறந்து பறக்கவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்கள் நடந்து சில நாட்களிலேயே நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது நிறுத்தப்பட்டது. அன்றிலிருந்து அனுமதிக் கடிதம் இல்லாமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை.

இன்னொன்றையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் போட்டிகளில் வளையத்துக்குள் நுழையும் ட்ரோன் கடைசியில் மனிதரைத் தேடிப் போவதற்காகவே பழக்கப்படுகிறது. உக்ரைனில் தாக்குதலின் வீடியோவைக் காட்டிப் படைப்பிரிவுகள் புள்ளி பெறுகின்றன. அந்தப் புள்ளிகளுக்கு மாற்றாக ட்ரோன்களும் கருவிகளும் வாங்கலாம். இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். நம் வீடுகளில் இது பழைய கதையும்கூட. போர்க்காலத்தில் வன்னியில் ஆளில்லா வேவு விமானத்தைச் சனங்கள் ‘வண்டு’ என்றுதான் சொல்வார்கள்.

போன வருடம் வெள்ளவத்தையில் வேறொரு தொடர்மாடியில் வேலை. ட்ரோன் மேலே போனதும் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்துகொண்டு வயதான அம்மா ஒருவர் வெளியே வந்தார். “தம்பி, வண்டு மாதிரிக் கேக்குது. என்னத்துக்கு விடுறியள்?” கூரை ஒழுகுவதைப் பார்க்கிறோம் என்றேன். சரி என்று தலையாட்டினார். உள்ளே போகவில்லை. ட்ரோன் இறங்கும்வரை கதவு நிலையைப் பிடித்தபடியே நின்றார். அந்தக் கட்டடத்துக்கு அதன் பிறகு இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் முதல் நாளே போய், மூன்றாம் மாடியில் தட்டி, எத்தனை மணிக்குக் கிளப்புவோம், எத்தனை மணிக்கு இறக்குவோம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.