மூடுபனியில் முகம் படமாவது எப்படி?

திருமணப் படமெடுப்பைத் தொழிலாக்கிக்கொள்ள நினைத்து ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பயிற்சி எடுப்பவர்களுக்கு மூடுபனி இறங்கினால் மகிழ்ச்சி. வெயில் இல்லை, கடும் நிழல் இல்லை, எல்லாப் படமும் மென்மையாக வரும் என்று நம்புவார்கள். பிறகு கணினியில் போட்டுப் பார்த்தால் முகம் தட்டையாக இருக்கும், கண்குழி இருண்டிருக்கும், தோல் சாம்பல் பூத்துக் கிடக்கும். கேமராவில் குறை எதுவும் இல்லை. மூடுபனி வெளிச்சத்தை மென்மையாக்கும்போதே அதன் திசையையும் எடுத்துவிடுகிறது. மூக்கு, கன்னம், தாடை என்று முகத்துக்கு வடிவம் கிடைப்பது வெளிச்சத்தின் திசையால்தான். ஆகவே மலையில் போர்ட்ரெய்ட் என்னும் முகப்படம் பழகுபவர் முதலில் கற்க வேண்டியது, தொலைந்த அந்தத் திசையை மீட்கும் வழியை.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியும் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். நாம் காணும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். துளி அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியதாக இருப்பதால் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவில் சிதறுகின்றன. மூடுபனி வெண்மையாகத் தெரிவது இதனால்தான். துளிக்குத் துளி மோதித் திரும்பும் ஒளி கடைசியில் நாலா பக்கமிருந்தும் முகத்தில் விழுகிறது.

நாலா பக்கமிருந்தும் என்றாலும் சம அளவில் அல்ல. முழுக்க மூடிய வானத்தில் உச்சிப் பகுதி, அடிவானத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பிரகாசமானது. வெளிச்சத்தின் பெரும்பங்கு மேலிருந்து இறங்குவதால் புருவ மேட்டின் நிழல் கண்ணில் விழுகிறது, மூக்கின் நிழல் உதட்டின் மேல் படிகிறது. திறந்த புல்வெளியின் நடுவே நிறுத்தி எடுத்த மணப்பெண் தூக்கம் கெட்டவள்போலத் தெரிவதற்கு இதுவே காரணம்.

தீர்வுக்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். மேலே ஒரு தடுப்பு கிடைத்தால் போதும். வீட்டு முன்வாசலின் தகரக் கூரை, தாழ்வாரம், அடர்ந்த மரக்கிளை, எதுவானாலும் சரி. கூரை விளிம்பிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் உள்ளே ஆளை நிறுத்தி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். உச்சி வானம் மறைந்துவிடும், எதிரே உள்ள தாழ்ந்த வானம் மட்டும் முகத்துக்கு விளக்காகும். கருவிழியின் மேல் பாதியில் ஒரு வெண்பொட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் இடம் சரி. இல்லையென்றால் ஆள் ரொம்ப உள்ளே போய்விட்டார், அல்லது தலை குனிந்திருக்கிறது. அரையடி முன்னே வரச் சொன்னாலே கண் உயிர் பெறும்.

அடுத்து ஒரு பக்கத்தை இருட்டாக்க வேண்டும். முகத்தை வாசலுக்கு நேராக வைக்காமல் 30 முதல் 45 டிகிரி வரை திருப்பினால் வாசல் பக்கக் கன்னம் வெளிச்சமாகும், சுவர்ப் பக்கம் மெல்ல மங்கும். சுவருக்கு வெள்ளையடித்திருந்தால் அது ஒளியைத் திருப்பி அனுப்பி மறுபடி தட்டையாக்கிவிடும். அப்போது அந்தப் பக்கம் முகத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு கறுப்புக் கம்பளியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மலையில் கம்பளி இல்லாத வீடு அரிது. ஃபிரேமுக்கு வெளியே நிற்கும் அந்தத் துணி தாடைக்கோட்டை வரைந்து கொடுப்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். பயிற்சியில் பலர் ரிஃப்ளெக்டரைக் கொண்டு வெளிச்சம் சேர்ப்பதை மட்டுமே பழகுகிறார்கள். பனிமூட்டத்தில் வெளிச்சத்தைக் கழிக்கும் வேலையே அதிகம்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்காரவைத்து எடுக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். இலைகளில் பட்டுத் திரும்பும் பச்சை வெளிச்சம் தாடைக்கடியிலும் கழுத்திலும் ஏறும். கேமராவின் நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை மாற்றினால் முழுப் படமும் மாறுமே தவிர, கழுத்தும் நெற்றியும் ஒரே நிறமாகாது. செடிக்குள் உட்காரவைக்காமல் வழித்தடத்தில் நிறுத்துங்கள். உட்காரத்தான் வேண்டுமென்றால் ஃபிரேமுக்குக் கீழே மடியின் முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை நான்காக மடித்து விரியுங்கள். கீழிருந்து வரும் பச்சை வெள்ளையாகிவிடும், கண்குழியும் கொஞ்சம் தெளியும். தோட்டங்கள் பெரும்பாலும் தனியார் சொத்து என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்வது முறை.

எவ்வளவு தூரத்திலிருந்து எடுப்பது? இதைப் பெரும்பாலோர் லென்ஸ் கேள்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தின் விகிதத்தை மாற்றுவது தூரம், லென்ஸ் அல்ல. மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. ஆழ வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 62 செ.மீ.யில் இருக்கும். காதோடு ஒப்பிட மூக்கு 24 சதவீதம் பெரிதாகப் பதிவாகும். 1.5 மீட்டருக்குப் பின்வாங்கினால் அது 8 சதவீதம், 2 மீட்டரில் 6 சதவீதம். அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸால் 2 மீட்டரிலிருந்து எடுத்து வெட்டினாலும், 85 மி.மீ. லென்ஸால் அதே இடத்திலிருந்து எடுத்தாலும் முகத்தின் விகிதம் ஒன்றே. மலை வீடுகளில் அறைகள் சிறியவை. அலங்காரம் நடக்கும் அறைக்குள் நெருங்கி நின்று மணப்பெண்ணின் மூக்கைப் பெரிதாக்குவதைவிட, நிலைவாசலுக்கு வெளியே வந்து கதவு வழியாக எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது மேல்.

அப்படியென்றால் வெளிப்புறத்தில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்வாங்கலாமா? பனியில் முடியாது. 50 மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாத மூடுபனியைக் கணக்கில் எடுத்தால், 2 மீட்டரில் நிற்பவரின் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு, 85 சதவீதம் வரை மிஞ்சும். 4 மீட்டரில் 73, 10 மீட்டரில் 46. அதாவது 200 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு 10 மீட்டர் தள்ளிப் போனால் முகத்தின் கான்ட்ராஸ்டில் பாதிக்கு மேல் இடையிலுள்ள பனியிடம் போய்விடும். இதே கணக்கின் நல்ல பக்கம் பின்னணியில் தெரியும். 30 மீட்டர் பின்னால் இருக்கும் மரத்துக்கு 10 சதவீதம்கூட மிஞ்சாது. கொடைக்கானல் பைன் காட்டில் பனி புகுந்தால் பக்கத்து மரம் கறுப்பாகவும் அடுத்தது சாம்பலாகவும் அதற்கடுத்தது வெறும் கோடாகவும் அடுக்கடுக்காய் மறைவது இதனால்தான்.

இங்கேதான் செலவில்லாத ஒரு பாடம் இருக்கிறது. பின்னணியை மங்கவைக்க, துளை மிக அகலமாகத் திறக்கும் f/1.4 லென்ஸ் வேண்டுமென்று கடன் வாங்குகிறவர்கள் உண்டு. பனி அந்த வேலையை இலவசமாகச் செய்கிறது. முழு ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸ், f/1.4, 2 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் நாலரை செ.மீ. 1.5 மீட்டரில் இரண்டரை செ.மீ. தான். பனியில் ஃபோகஸுக்குக் கான்ட்ராஸ்ட் போதாமல் கேமரா தடுமாறும்போது அது பெரும்பாலும் பிடித்துக்கொள்வது நெற்றிப் பொட்டை. பொட்டு கண்ணைவிட ஒன்றிரண்டு செ.மீ. முன்னால் இருக்கிறது. திரையில் பார்க்கும்போது சரியாகத் தெரியும், ஆல்பத்தில் பெரிதாக அச்சிட்டால் பொட்டு கூர்மையாகவும் இமை மங்கலாகவும் இருக்கும். துளையைச் சுருக்கி f/2.8 வைத்தால் 2 மீட்டரில் 9 செ.மீ. கிடைக்கும். தம்பதியராக நிற்கும்போது f/4, 12 செ.மீ.க்குச் சற்று மேல். இரண்டு நெற்றிகளும் ஒரே கோட்டில் வருமாறு நிறுத்திவிட்டால் அது போதும். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும் கண்ணின் மையிட்ட இமையோரத்தில் வையுங்கள்.

எக்ஸ்போஷரிலும், அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவிலும், பனி ஏமாற்றும். கேமராவின் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை மூடுபனி நிறைந்த ஃபிரேமையும் அது இருட்டாக்கும். பனியில் +0.7 முதல் +1 ஸ்டாப் வரை கூட்டுவது தொடக்க அளவு (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு). நீலகிரியின் படுகர் வீட்டு விசேஷங்களில் ஆணும் பெண்ணும் வெள்ளையுடுத்தித் திரளும்போது +1.3 வரைகூடத் தேவைப்படும். இன்னும் நம்பகமான வழி, மேனுவல் முறையில் வைத்து, சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் கன்னத்தை அளப்பது. மாநிறத் தோலுக்கு மீட்டர் காட்டும் அளவே சரி. கறுத்த தோலுக்கு அதிலிருந்து அரை முதல் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் இயல்பான நிறம் வெளுத்துப்போகும். பிறகு வெள்ளைத் துணியின் நெசவு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நிறம் ஆளுக்கு ஆள் மாறாமலிருக்க ஒயிட் பேலன்ஸை 6,500 அல்லது 7,000 கெல்வினில் பூட்டிவிடுங்கள்.

கறுத்த தோலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் வடிவத்தைச் சொல்வது நிழலைவிட மினுக்கம்தான். கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் நெற்றியோரத்திலும் வாசல் வானம் பிரதிபலிக்கும் நீண்ட வெளிர்கோடு முகத்தைச் செதுக்கிக் காட்டும். விளக்கு பெரிதாகவும் சற்றுப் பக்கவாட்டிலும் இருந்தால் அந்தக் கோடு மென்மையாக வரும். பவுடரை அப்பி அதை அழித்துவிட்டு, பிறகு கணினியில் நிறத்தை வெளுக்கவைப்பது அந்த மனிதரின் முகத்தைத் திருடுவதற்குச் சமம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெயில் சட்டென்று வெளிப்பட்டால் எல்லாக் கணக்கும் மாறும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ஒளியைச் சிதறடிக்கக் காற்று குறைவு என்பதால் வெயிலில் நிழல்கள் சமவெளியைவிட இருண்டு விழும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, முகத்தை நிழலில் விட்டு, முகத்துக்கு எக்ஸ்போஸ் செய்யுங்கள்.

கேமராவின் மேல் மாட்டிய ஃபிளாஷைப் பனியில் போட்டால் லென்ஸுக்கு முன்னால் உள்ள துளிகள்தான் முதலில் மின்னும். படம் முழுக்க வெண்புள்ளியும் புகையும்தான். ஃபிளாஷைக் கழற்றி, 45 டிகிரி பக்கவாட்டில், முகத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் வையுங்கள்.

மண்டபத்துக்குள் தொந்தரவு வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/250 நொடி வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் அட்சதை பறக்கும், தானியங்கி ஃபோகஸ் அரிசியைத் துரத்தும். ஒற்றைப் புள்ளியை மணப்பெண்ணின் கண்மேல் முன்பே பூட்டிவிட்டு, பொத்தானை விடாமல் காத்திருங்கள்.

குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து மண்டப வாசலில் இருக்கிறது. தை மாதக் காலையில் வெளியே சில்லிட்ட லென்ஸ், கூட்டமும் சமையல் ஆவியும் நிறைந்த கூடத்துக்குள் நுழைந்ததும் நீர் பூத்து வெளுத்துவிடும். துடைத்தாலும் நொடியில் மறுபடி பூக்கும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் பனிநிலைக்கு, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலைக்கு, கீழே குளிர்ந்திருக்கிறது. வெளியிலேயே பையில் போட்டு ஜிப்பை முழுக்க மூடி, உள்ளே கொண்டுவந்து, பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விட்டால் கண்ணாடி கூடத்தின் சூட்டுக்கு வந்துவிடும். ஆகவே மூடுபனியில் எடுக்கும் படங்களை முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கேமரா இருந்தால் ஒன்றை விடியலிலேயே உள்ளே வைத்துவிடுவது நல்லது.