இன்சுலா: குடிக்கூலி அடுக்ககம்

இலத்தீனில் ‘இன்சுலா’ என்பதன் முதற்பொருள் தீவு. பண்டைய ரோம் நகரில் அதே சொல், பல குடித்தனங்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட மாடிக் கட்டடத்தையும் குறித்தது. அண்டைக் கட்டடத்தோடு பொதுச்சுவர் இல்லாமல், சுற்றிலும் தெருவோ சந்தோ சூழ நிற்பதே இன்சுலா என்கிறார் இலத்தீன் அகராதி ஆசிரியர் பெஸ்டஸ். நீர் சூழ்ந்த நிலத்தின் பெயர் தெரு சூழ்ந்த கட்டடத்துக்கு ஆகிவந்ததை நம் இலக்கணப்படி உவமையாகுபெயர் எனலாம். கணையத்தில் திட்டுத்திட்டாக அமைந்த உயிரணுக்களில் சுரக்கும் இன்சுலினுக்கும் இதுவே வேர்ச்சொல்.

செல்வரின் தனிமனைக்கு ‘டோமஸ்’ என்று பெயர். கி.பி. 4-ஆம் நூற்றாண்டு நகரப் பதிவேடுகள் ஏறத்தாழ 1,800 டோமஸ்களையும் 46,000-க்கும் மேற்பட்ட இன்சுலாக்களையும் கணக்கிடுகின்றன; ஆனால் அங்கு இன்சுலா என்பது முழுக் கட்டடமா, அதன் ஒரு பகுதியா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை.

தரைத்தளத்தில் கடைகள், அவற்றுக்கு மேலே வசதியான அறைகள், மேலே ஏற ஏற இடமும் வாடகையும் குறையும். உச்சி மாடியில் இருப்பவர் தெருவிலுள்ள பொதுநீர்த்தொட்டியிலிருந்து தண்ணீரைப் படியேறிச் சுமந்து வர வேண்டும். கரியடுப்பு கவிழ்ந்து தீப்பற்றினால் தப்புவதற்கும் அவருக்கே வழி குறைவு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கட்டட உயரத்தை 70 ரோமானிய அடிக்குள் கட்டுப்படுத்தினார். பின்வந்த பேரரசர் டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். தமக்கு வாடகை தந்த கட்டடங்களில் இரண்டு இடிந்துவிட்டன, மற்றவை விரிசல் விட்டுள்ளன, குடியிருந்தவர்கள் மட்டுமல்லாமல் எலிகளும் வெளியேறிவிட்டன என்று கி.மு. 44-இல் ரோமானிய அரசியலாளரும் நாவலருமான சிசரோ தம் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதினார். ரோமின் கேப்பிடோலைன் குன்றின் அடிவாரத்தில், கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் இன்சுலாவின் சில தளங்களை இன்றும் காணலாம்.

தமிழில் இதைத் ‘தீவு’ என்று பெயர்த்தால் பொருள் கெடும். ‘மாடமாளிகை’ என்றால் ஏழைகளின் இருப்பிடம் செல்வரின் இல்லமாகிவிடும். ‘அடுக்ககம்’ வடிவத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஆயினும் இன்று அச்சொல் சொந்தமாக வாங்கிய வீட்டையும் நினைவூட்டுவதால், ‘குடிக்கூலி அடுக்ககம்’ என்பதே பொருத்தமான நிகர்ச்சொல் என்று கருதுகிறேன். மேல்மாடிகளில் மக்கள் நெருங்கி வாழ்ந்த வாழ்க்கைக்கோ புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை; ‘ஒண்டுக்குடித்தனம்’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.